மரக்கட்டை வீட்டின் வெளிச்சுவர் மக்காமல் காப்பது எப்படி?

கனடாவிலும், நார்வே, ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளிலும் முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகளில், சுவரைக் கெடுப்பது பெய்த மழை அல்ல, பெய்தபின் காயாமல் தங்கும் ஈரமே. மரத்தைத் தின்னும் பூஞ்சை வளர, கட்டையின் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

முதலில் சோதனை. திருப்புளியின் முனையால் கீழ்வரிசைக் கட்டைகள், சன்னலின் அடிப்பக்கம், மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகள் ஆகியவற்றை அழுத்திப் பாருங்கள். மக்காத மரம் எதிர்த்து நிற்கும், மக்கிய மரத்தில் திருப்புளி இறங்கும். வெட்டுமுனையில் மரத்தின் நுண்குழல்கள் திறந்திருப்பதால், பக்கங்களைவிட அதுவே நீரை மிக விரைவாக உறிஞ்சும்.

அடுத்தது நீரை விலக்குதல். பலர் இதைவிட்டுப் பூச்சு வாங்க ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூரைப் பீலியில் சேரும் இலைகளை அகற்றி, அதன் நீரைச் சுவரிலிருந்து 1.5 மீட்டருக்கு அப்பால் விடுங்கள். அடிக்கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே 45 செ.மீ. இடைவெளி இருந்தால் தெறிக்கும் நீர் அவ்வளவாக எட்டாது. சுவரோரம் செடியோ விறகோ வேண்டாம். நார்வேயின் போர்குண்ட் மரத் தேவாலயம் ஏறத்தாழ 1180இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அதற்கு முந்தைய தேவாலயங்களின் தூண்கள் மண்ணில் நடப்பட்டு அடி மக்கின, இதன் தூண்களோ கல்லின்மேல் கிடத்திய விட்டங்களில் நிற்கின்றன.

பிறகு வெடிப்புகள். மேல்நோக்கித் திறந்து, 6 மி.மீ.க்கு மேல் அகன்ற வெடிப்பு மழைநீரைத் தேக்கும். அது நன்றாக உலர்ந்தபின் நுரைக்கயிற்றைத் திணித்து, மேலே நெகிழ்வான சீலன்ட் (அடைப்புப் பசை) இடுங்கள். கீழ்நோக்கிய வெடிப்பில் நீர் நில்லாது என்பதால் அதை விட்டுவிடலாம்.

பழைய பூச்சை நீக்கிய வெற்று மரத்தில், பூஞ்சையைத் தடுக்கும் உப்பான போரேட்டின் தூளைச் சிப்பத்தில் உள்ள அளவின்படி நீரில் கரைத்துத் தடவுங்கள். வெட்டுமுனைகளுக்கு இரண்டு முறை. கையுறை அணிந்து, அருகிலுள்ள செடிகளை மூடிவையுங்கள். போரேட் மழையில் கரைந்துவிடும் என்பதால், மரம் உலர்ந்ததும் ஆவி வெளியேறவிடும் ஸ்டெயின் (மரத்தில் ஊறும் மெல்லிய நிறப்பூச்சு) பூச வேண்டும். காற்றுப்புகாத தடித்த பெயின்ட் உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவிடும்.

ஆண்டுதோறும் சுவரில் சிறிது நீர் தெளியுங்கள். முத்துமுத்தாய் நிற்காமல் மரம் கறுத்து உறிஞ்சினால் மறுபூச்சுக்கு நேரமாயிற்று. வெயில் படும் தெற்கு, மேற்குச் சுவர்கள் முந்திக்கொள்ளும். ஏற்கெனவே மக்கிய பகுதியைப் பூசி மறைக்காதீர்கள். நல்ல மரம் தென்படும்வரை செதுக்கியெடுத்து, உலர்ந்த புதுத்துண்டைப் பொருத்துங்கள்.