மொட்டைக் கடுதாசிப் படத்தை அக்கம்பக்கத்தாருக்குப் போட்டுக்காட்டுவது எப்படி

ஏற்காட்டில் 27 வருடம் தபால் கொடுத்தவன் நான். இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். 'லெ கோர்போ' என்கிற 1943ஆம் வருடத்துப் பிரெஞ்சுப் படத்தை எங்கள் மொட்டைமாடியில் இதுவரை நான்கு முறை போட்டுவிட்டேன். இயக்கியவர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. சேன் ரோபேன் என்ற சின்ன ஊருக்கு மொட்டைக் கடுதாசிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுவது யார் என்று தெரியாமல் ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறது. கதை அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் மட்டும் இரண்டு தடவை பாருங்கள். இரண்டாம் தடவை ஒரு நாற்பது பக்க நோட்டில் முக்கியமான வசனங்களைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை எல்லோராலும் அந்த வேகத்தில் படிக்க முடியாது. நீங்கள் மெதுவாகச் சொன்னால் போதும், நடித்துக் காட்ட வேண்டாம்.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் உறவுமுறையை எழுதி மாட்டுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில், "ஏங்க அண்ணே, இந்தம்மா யாரு சம்சாரம்?" என்று கேட்பார்கள். ஜெர்மேன், ஊருக்கு வந்த டாக்டர்; கடுதாசிகள் அவர்மேல்தான் முதலில் பாய்கின்றன. வோர்ஸே, மூத்த டாக்டர். லோரா அவர் மனைவி. லோராவின் அக்கா மரி, ஆஸ்பத்திரி நர்ஸ். தெனீஸ், ஜெர்மேனை விரும்புகிறவள். இந்த ஐந்து பேர் போதும்.

தலைப்பின் அர்த்தத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். அண்டங்காக்கை. கடுதாசியின் அடியில் அந்தப் பெயரில்தான் கையெழுத்து. நாம் அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற காக்கை வேறு, இது வேறு என்று ஒரு வார்த்தை சொன்னால் வயசானவர்களுக்கு உறுத்தாது.

சேலத்து வெயிலுக்கு ஏழரை மணிக்கு மேல்தான் மாடி உட்காரத் தாங்கும். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கம் இல்லாமல் திரையாகக் கட்டுங்கள். படம் ஒன்றரை மணி நேரம், இடைவேளை விடாதீர்கள். ஆனால் மூன்று இடத்தில் நிறுத்துங்கள்.

முதல் இடம், சவ ஊர்வலம். சவ வண்டியில் இருக்கும் மலர்வளையத்திலிருந்து ஒரு கடுதாசி தெருவில் விழும். இரண்டாவது, மரி ஆளில்லாத தெருக்களில் ஓடும் இடம். கூட்டத்தின் இரைச்சல் கேட்கும், கூட்டம் கண்ணில் படாது. அங்கே ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி, காட்சி முடிந்த பிறகு நிறுத்துங்கள். மூன்றாவது, பள்ளிக்கூட அறையில் சந்தேகத்துக்கு உரியவர்களை உட்காரவைத்துக் கையெழுத்தைக் கண்டுபிடிக்க மணிக்கணக்காக டிக்டேஷன் எழுத வைப்பது. இது கற்பனை இல்லை. 1917க்குப் பிறகு பிரான்சில் தூல் என்ற ஊரில் மொட்டைக் கடுதாசிகள் வந்தபோது, எத்மோன் லொக்கார் என்ற தடயவியல் நிபுணர் இப்படித்தான் எழுத வைத்தார்.

நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும், யார் எழுதியிருப்பார்கள் என்று ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கீழே அவரவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். பெயர் போடாத சீட்டை வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், மலையில் ஒரு ஊருக்கு அப்படியொரு கடுதாசியை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். "கையெழுத்து யாருதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன், உண்மையிலேயே தெரியாது. ஆனால் சொல்லும்போது என் கண் எதிர்வீட்டுப் பக்கம் போய்வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு அதற்கப்புறம் கடையில் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர் எழுதவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

டிக்டேஷனுக்குப் பிறகு வரும் விளக்குக் காட்சியில் மட்டும் நோட்டை மூடிவிடுங்கள். வோர்ஸே தொங்கும் விளக்கை ஆட்டிவிட்டு, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று கேட்பார். ஜெர்மேன் அதை நிறுத்தப்போய் விரலைச் சுட்டுக்கொள்வார். முகங்களில் நிழல் மாறி மாறி விழுவதைப் பேசாமல் பார்க்க விடுங்கள். எனக்கு இந்தப் படமே இந்த ஒரு நிமிஷம்தான்.

சரித்திரத்தைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். ஜெர்மானியர்கள் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில், அவர்கள் நடத்திய காண்டினென்டல் கம்பெனி எடுத்த படம் இது. பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்து ஜனங்கள் கடுதாசி எழுதிய காலமும் அதுதான். பிரான்ஸ் ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட பிறகு படத்துக்கும் தடை, க்ளூஸோவுக்கும் தடை. 1947இல்தான் அவருடைய அடுத்த படம் வந்தது.

கடைசியில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் தெருவில் நடந்துபோவாள். அவள் போய் முடியும்வரை லைட்டைப் போடாதீர்கள். பிறகு சீட்டுகளை எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி ஊற்றுங்கள்.