எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் சந்தேகமா? செர்வர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

சைட்டோட ஃபார்ம், யூஆர்எல் வழியா டேட்டாபேஸுக்கான கட்டளைய நுழைச்சு உள்ள இருக்கிறத படிக்கிறது, மாத்துறதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும், "தம்பி, சைட்டுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க போல, கஸ்டமர் லிஸ்ட் எங்கிட்ட இருக்குன்னு ஒருத்தன் மெயில் போட்டிருக்கான்"னு. அந்த நிமிஷம் எல்லாருக்கும் தோணுறது, பழைய பேக்கப்ப தூக்கி மேல போட்டு சைட்ட ஓட விட்டுடலாம்ங்கிறதுதான். தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. நான் ஒரு தடவ பண்ணிருக்கேன், சின்ன கடை ஒண்ணோட ஆர்டர் சைட்டு, அரை மணி நேரத்துல சைட் வந்துருச்சு, ஆனா மறுநாள் காலைல ஓனர் "என்னென்ன போச்சு தம்பி, யார் யாருக்கு சொல்லணும்?"னு கேட்டப்ப எங்கிட்ட பதிலே இல்ல, ஏன்னா மாறிப்போன டேபிள், லாக் (யார் எப்ப என்ன கேட்டாங்கன்னு செர்வர் எழுதி வெக்கிற பதிவு), அவன் விட்டுட்டுப் போன ஃபைல் எல்லாத்தையும் நானே அழிச்சிருந்தேன். இன்னிக்கும் அது மனசுல உறுத்துது.

அதனால முதல் வேலை, சைட்ட வெளி ஆளுங்க தொட முடியாம துண்டிச்சுட்டு, டிஸ்க்க அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க, லாக் எல்லாத்தையும் வேற மெஷினுக்கு காப்பி பண்ணி ஹாஷ் (ஃபைல் பின்னாடி மாறலன்னு காட்டுற கைரேகை மாதிரி எண்) போட்டு வெச்சுக்கோங்க. ரீபூட் வேண்டாம், ஓடிட்டிருக்கிற ப்ராசஸ், திறந்திருக்கிற கனெக்ஷன் எல்லாம் அதோட போயிடும். லாக் விஷயத்துல தாமதமே கூடாது, உபுண்டுல அப்பாச்சி வெப் செர்வரோட லாக் வழக்கமான செட்டிங்ல 14 நாள்தான் நிக்கும். இந்தியாவுல செர்வர் நடத்துறவங்க 180 நாள் லாக் வெச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்சா 6 மணி நேரத்துல தங்களுக்கு சொல்லணும்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்லயே உத்தரவு போட்டிருக்கு, ஆனா அந்த 14ஐ மாத்தாம விட்டிருக்கிற செர்வர் இன்னும் நிறைய இருக்கு.

அடுத்து லாக்ல தேடுறது. பெரும்பாலும் சிங்கிள் கோட் ('), யூனியன் செலக்ட் (வேற டேபிள்ல இருக்கிறதையும் சேத்து எடுக்கிற கட்டளை) அப்படின்னு தேடிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு மூடிடுவாங்க. யூஆர்எல்ல அந்த கோட் %27ஆ உக்காந்திருக்கும், ரெண்டு தடவ என்கோட் பண்ணிருந்தா %2527னு இருக்கும், யூனியனுக்கும் செலக்டுக்கும் நடுவுல ஸ்பேஸுக்கு பதிலா கமென்ட் குறி இருக்கும், எழுத்து பெருசும் சின்னதுமா கலந்து கிடக்கும். முதல்ல லாக் மொத்தத்தையும் டீகோட் பண்ணி ஒரு காப்பி எடுத்துட்டு அதுல தேடுங்க.

இன்னொரு பெரிய பள்ளம் இருக்கு. அக்சஸ் லாக்ல கெட் ரிக்வெஸ்ட்டோட யூஆர்எல் முழுசா விழும், போஸ்ட்ல அனுப்பினது விழாது, அதாவது லாகின் ஃபார்ம் வழியா புகுந்தான்னா லாக்ல ஒரு சாதாரண வரிதான் இருக்கும். சரி, டேட்டாபேஸ் பக்கம் பாப்போம்னா, மைஎஸ்க்யூஎல்ல எல்லா க்வெரியையும் எழுதுற ஜெனரல் லாக் நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் கிடையாது, பின்லாக்ல (பைனரி லாக்) மாத்தினது மட்டும்தான் பதிவாகும், படிச்சுட்டுப் போனது பதிவாகாது. திருட வந்தவன் வேலையே படிக்கிறதுதானே. அதனால "லாக்ல இல்ல, அதனால நடக்கல"ன்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க, "இந்த லாக்ல தெரியாது"ன்னு எழுதுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

அப்ப எதத்தான் பாக்கிறது? சைஸ பாருங்க. ஒரே பேஜ், ஒரே ஐபி, செகண்டுக்கு பத்து ரிக்வெஸ்ட், எல்லாமே 200 (பதில் சரியா போச்சுங்கிற குறி), ஆனா பைட் கணக்கு மட்டும் 5120, 3874, 3874, 5120ன்னு ரெண்டே எண்ணுக்குள்ள மாறி மாறி வருதுன்னா அது பிளைண்ட் இன்ஜெக்ஷன், ஒவ்வொரு வரியும் டேட்டாபேஸ்கிட்ட கேட்ட ஒரு ஆமா-இல்ல கேள்வி. பாதி பாதியா பிரிச்சு கேட்டா ஒரு எழுத்துக்கு ஏழு கேள்வி போதும், அப்ப பத்தாயிரம் ரிக்வெஸ்ட்னா சுமார் 1,400 எழுத்து போயிருக்கலாம்னு கணக்கு வரும். ஓனர் கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் கிடைக்கும். ஸ்லீப்(5) போட்டு, அதாவது பதில் ஆமான்னா அஞ்சு செகண்ட் தாமதிக்கச் சொல்லி, நேரத்த வெச்சு கேக்கிறவன்னா சைஸ்ல தெரியாது, ரெஸ்பான்ஸ் நேரம் அப்பாச்சியோட வழக்கமான ஃபார்மேட்லயும் கிடையாது, மெதுவா ஓடுற க்வெரிய எழுதுற மைஎஸ்க்யூஎல் ஸ்லோ லாக் ஆன்ல இருந்தாலும் அதோட வழக்கமான வரம்பு 10 செகண்ட், அஞ்சு செகண்ட் சத்தமில்லாம கடந்து போயிடும்.

பழைய லாக்க திருப்பிப் பாக்காம விடுறதும் பெரிய தப்பு. பிரிட்டன்ல டாக்டாக்ங்கிற டெலிகாம் கம்பெனிக்கு 2015 அக்டோபர்ல இதுதான் நடந்துச்சு. முதல்ல 40 லட்சம் கஸ்டமர் விவரமும் போயிருக்கலாம்னு பயந்தாங்க, கடைசில 1,56,959 பேர்னு தெரிஞ்சுது. அங்க இருக்கிற இன்ஃபர்மேஷன் கமிஷனர் ஆபீஸ் (தனிநபர் தகவல் பாதுகாப்ப கவனிக்கிற அமைப்பு) விசாரிச்சப்பதான், அதுக்கு முன்னாடி ஜூலை 17ம் தேதியும் செப்டம்பர் தொடக்கத்துலயும் தாக்குதல் நடந்திருக்கு, யாரும் கவனிக்கலன்னு வெளிய வந்துச்சு. வழியா இருந்தது, வேறொரு கம்பெனிய வாங்கினப்ப கூடவே வந்து மறந்து கிடந்த பழைய பேஜ்கள். 4 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டாங்க. நீங்களும் மெயில் வந்த நாள்ல இருந்து தேடாதீங்க, லாக் எவ்வளவு தூரம் இருக்கோ அவ்வளவு தூரம் பின்னாடி போங்க.

நேரக் கணக்கும் ஆள கவுத்துடும். அப்பாச்சி செர்வரோட லோக்கல் நேரத்துல எழுதும், மைஎஸ்க்யூஎல் எரர் லாக் மாத்தாம விட்டா யூடிசில (உலகப் பொது நேரம்) எழுதும், நம்ம ஊர் நேரத்துல இருக்கிற செர்வர்னா ரெண்டுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். அப்புறம் முன்னாடி லோட் பேலன்சர் (வர்ற ரிக்வெஸ்ட்ட செர்வர்களுக்கு பிரிச்சு அனுப்புறது) இருந்தா லாக்ல விழுறது அதோட ஐபியாத்தான் இருக்கும், அத பிளாக் பண்ணா மொத்த கஸ்டமரும் வெளிய நிப்பாங்க.

ஓட்டைய அடைச்சதும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2023 மே மாசம் மூவ்இட்ங்கிற ஃபைல் அனுப்புற சாஃப்ட்வேர்ல எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வழியா புகுந்தவங்க ஹ்யூமன்2ன்னு ஒரு வெப் ஷெல் ஃபைல (வெளியில இருந்தே செர்வருக்கு கட்டளை கொடுக்க வழி விடுறது) உள்ள வெச்சுட்டாங்க, பேட்ச் போட்டா வழிதான் அடையும், ஏற்கனவே உள்ள இருக்கிற ஃபைல் அப்படியேதான் இருக்கும். புதுசா வந்த ஃபைல், புது அட்மின் அக்கவுன்ட், டேபிள்ல புதுசா முளைச்ச ஸ்கிரிப்ட் டேக், புது ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானா ஓடுற கட்டளை), எல்லாத்தையும் பாருங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மட்டுமில்ல, அதே கான்ஃபிக் ஃபைல்ல கிடக்கிற மெயில் பாஸ்வேர்ட், பேமென்ட் கீ எல்லாத்தையும் மாத்துங்க.

ஓட்டை நிஜமாவே இருக்கான்னு பாக்கிறேன்னு லைவ் சைட் மேல எஸ்க்யூஎல்மேப் (இந்த ஓட்டைய தானா தேடுற டூல்) ஓட்டுறவங்க இருக்காங்க, அது வேண்டவே வேண்டாம், உங்க ரிக்வெஸ்ட்டும் அவன் ரிக்வெஸ்ட்டும் ஒரே லாக்ல கலந்துடும், அந்த இடத்துல ஓடுறது அப்டேட் க்வெரியா இருந்தா ஆர் 1=1 (எப்பவும் உண்மையாகுற நிபந்தனை) ஒண்ணு போதும், டேபிள்ல இருக்கிற எல்லா வரியும் மாறிடும். ஸ்னாப்ஷாட்ல இருந்து தனியா ஒரு காப்பி எழுப்புங்க, லாக்ல இருந்து அவன் அனுப்பின அதே வரிகள எடுத்து அதுல அனுப்புங்க. பாராமீட்டர் வெச்சு, அதாவது வெளி ஆள் தர்றது கட்டளையா இல்லாம வெறும் மதிப்பா மட்டும் போற மாதிரி, க்வெரிய மாத்தி எழுதினதுக்கு அப்புறம் அதே வரிகள திரும்ப அனுப்பிப் பாருங்க, முன்னாடி 5120, 3874ன்னு மாறினது இப்ப மாறாம நின்னாத்தான் சைட்ட திறக்கணும்.