ரத்தப் பையைச் சோதித்து வெளியே விடுவது எப்படி: லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தானமாக வரும் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது நான்கு தொற்றுகளைத் தேட வேண்டும்: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம் இது. மலேரியா போன்றவை பகுதியைப் பொறுத்துச் சேரும். எலைசா (தொற்றின் அடையாளத்தை நிற மாற்றத்தால் காட்டும் ரத்தச் சோதனை) மேஜையில் பல வருடம் நின்றவள் நான். என் கைக்குப் பழகியதை எழுதுகிறேன்.

வேலை கொடையாளரின் கட்டிலருகிலேயே தொடங்கிவிடுகிறது. பை, துணைப்பைகள், மாதிரிக் குழாய்கள், படிவம் எல்லாவற்றிலும் ஒரே எண்ணை அவர் எழுந்து போவதற்குள் ஒட்டிவிடுங்கள். 'அப்புறம் ஒட்டிக்கலாம்' என்று இரண்டு பேருடைய குழாய்களை ஒரே தட்டில் வைத்து அவை இடம் மாறிவிட்டால், எந்த இயந்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. எண்ணில் சந்தேகம் வந்தால் அந்த மாதிரியை ஏற்காதீர்கள்.

முடிவு வரும்வரை பைகள் தனி இடத்தில், பூட்டில் இருக்கட்டும். 20 முதல் 24 டிகிரியில் ஆடிக்கொண்டிருக்கும் தட்டணு (பிளேட்லெட்) பைகளுக்கும் இதே விதிதான். குளிரில் வைத்தால் சிபிலிஸ் கிருமி சில நாளில் செத்துவிடும் என்று சிலர் அந்தச் சோதனையை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தட்டணுவைக் குளிரில் வைப்பதில்லை என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

எலைசா கிட்டை (சோதனைப் பொருட்கள் உள்ள பெட்டியை) ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். மாதிரிக் குழாயைச் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் நன்றாகச் சுழற்றுங்கள். ஃபைப்ரின் இழை (ரத்தம் உறையும்போது உண்டாகும் நூல்) மிதந்தால் மறுபடி சுழற்றுங்கள், இல்லாவிட்டால் பொய் ரியாக்டிவ் வரும், அதாவது தொற்று இல்லாமலே இருப்பதுபோல் காட்டும்.

அடுத்தது, பிளேட்டின் குழிகளில் ஒட்டாமல் மிஞ்சியதை வாஷர் இயந்திரத்தால் கழுவுதல். என் கணக்கில் பாதிப் பிழைகள் இங்கேதான். ஒருநாள் 96 குழி பிளேட்டில், ஒரே வரிசையின் 12 குழிகளும் மஞ்சளாக, அதாவது ரியாக்டிவாகத் தெரிந்தன. முதல் குழி பாசிடிவ் கன்ட்ரோல் (ரியாக்டிவ் என்று முன்பே தெரிந்த மாதிரி), மீதி 11 பேர் கொடையாளர்கள். பக்கத்து வரிசைகளோ தெளிவாக இருந்தன. நெகட்டிவ் கன்ட்ரோல்கள் (நான்-ரியாக்டிவ் என்று முன்பே தெரிந்தவை) வேறு வரிசையில் இருந்ததால், கன்ட்ரோல்கள் அத்தனையும் சரி என்று நிறத்தை அளக்கும் ரீடர் காட்டியது. வாஷரைத் திறந்து பார்த்தால் அந்த வரிசையைக் கழுவும் முனையில் உப்பு படிந்து அடைத்திருந்தது. முழு பிளேட்டையும் திரும்பப் போட்டோம், 11 பேரும் நான்-ரியாக்டிவ். அன்றிலிருந்து தினமும் காலையில் வாஷரில் வெறும் தண்ணீர் ஓட்டி, எட்டு முனையிலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்காமல் நான் கிட்டைத் தொடுவதில்லை. ரீடரில் வைக்கும் முன் பிளேட்டைக் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்.

கட்-ஆஃபை (எந்த அளவைத் தாண்டினால் ரியாக்டிவ் என்ற எல்லையை) கிட்டில் சொன்னபடியே கணக்கிடுங்கள். அதைத் தாண்டிய மாதிரியை இரட்டையாகத் திரும்பப் போடுவது வழக்கம். இரண்டில் ஒன்று ரியாக்டிவ் ஆனாலும் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா அனைத்தையும் அழிக்க வேண்டும். முதல் ரியாக்டிவிலேயே அழிக்கும் இடங்களும் உண்டு. உங்கள் ரத்த வங்கியின் எழுத்து விதியைப் பின்பற்றுங்கள். கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நிற்பதையும் நான் திரும்பப் போடுவேன். முடிவை ஒருவர் எழுத, இன்னொருவர் பை எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பூட்டைத் திறக்க வேண்டும்.

நான்-ரியாக்டிவ் என்றால் தொற்றே இல்லை என்று அர்த்தமில்லை. ஹெபடைடிஸ் சி-க்கான ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய இரண்டு மாதம்கூட ஆகலாம். கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் நாட் (NAT) சோதனை அந்த இடைவெளியை ஓரிரு வாரமாகக் குறைக்கிறது, முழுதாக மூடுவதில்லை. அதனால்தான் ரத்தம் எடுக்கும் முன் கேட்கும் கேள்விகளைத் தனியாக, அவசரமில்லாமல் கேட்க வேண்டும்.

ரியாக்டிவ் வந்த கொடையாளருக்குப் போனில் எதையும் சொல்லாதீர்கள். நேரில் வரச் சொல்லி, கதவு சாத்திய அறையில், ஆலோசகர் பேசட்டும். இது முதல்கட்டச் சோதனைதான், நோய் என்று இன்னும் உறுதியாகவில்லை என்பது அவருக்குப் புரிய வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனைக்குப் புதிய மாதிரி எடுங்கள். அந்தக் குழாயிலும் அவர் எழுந்து போவதற்குள் எண்ணை ஒட்டிவிடுங்கள்.