கெட்டில் பெரிசு, டாங்க் நாலு: புரூபப் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருப்பதால், சொந்தமாக பீர் தயாரித்து அங்கேயே ஊற்றி விற்கிற புரூபப் தொடங்க ஆசைப்படுகிற நம்மூர்ப் பிள்ளைகள் பெங்களூருக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். இவரும் வைட்ஃபீல்டு பக்கம் இடம் பிடித்துவிட்டார். "அண்ணா, 1000 லிட்டர் புரூஹவுஸுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுங்க" என்றார். புரூஹவுஸ் என்றால் பீருக்கான சாற்றைக் காய்ச்சும் கெட்டில் செட். அந்தச் சாறு நொதித்து பீராகும் டாங்க் எத்தனை என்று கேட்டேன். "இப்போதைக்கு நாலுங்கண்ணா. அப்புறமா சேத்துக்கலாம்னு சப்ளையர் சொல்றாருங்க."

அதே ஆயிரம், அதே நாலு, அதே "அப்புறம்". பெங்களூர் இந்திராநகரில் டாய்ட் என்ற புரூபப் வந்தது 2010இல். அதைப் பார்த்துவிட்டுக் களத்தில் குதித்த எங்கள் செட்டில் பாதிப் பேர் வாங்கியதும் இந்தக் கணக்குதான். இத்தனை வருஷம் கழித்தும் சப்ளையர்கள் அதே கொட்டேஷனைத் தேதி மாற்றி அனுப்புகிறார்கள்.

சுத்தமாக இருங்கள், நல்ல மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வாங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இதுவரை படித்திருக்கவே மாட்டார்.

கெட்டிலில் பணத்தைக் கொட்டிவிட்டு டாங்கில் மிச்சம் பிடிப்பது

முதலாளிகளுக்குக் கெட்டில் மேல் ஒரு மயக்கம் உண்டு. செம்புத் தகடு போர்த்தி, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவைத்தால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். ஆனால் பீருக்குக் கெட்டிலில் இருக்கும் வேலை ஏழெட்டு மணி நேரம்தான். மால்ட்டை உடைத்து, 65 டிகிரி சுமாரில் வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, குளிரவைத்து டாங்குக்கு அனுப்பினால் கெட்டிலின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பீர் இருப்பது டாங்கில். மாதம் எத்தனை லிட்டர் விற்க முடியும் என்பதைக் கெட்டில் சொல்லாது, டாங்க்தான் சொல்லும்.

பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். வீட் (கோதுமை) பீர் நொதித்துத் தெளிய 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுவதற்குத் தனி டாங்க் இல்லையென்றால் அதே டாங்கிலிருந்துதான் டேப்புக்கு, அதாவது பீர் ஊற்றும் குழாய்க்கு, போக வேண்டும். 1000 லிட்டர் காலியாக ஐந்து நாள், கழுவ ஒரு நாள். ஆக ஒரு சுற்றுக்கு 20 நாள். நாலு டாங்குக்கு மாதம் ஆறே ஆறு புரூ, அதாவது ஆறு தடவைதான் காய்ச்ச முடியும். மீதி 24 நாளும் அந்தச் செம்புக் கெட்டில் போட்டோவுக்கு நிற்கும். அதைவிட மோசம், எந்த நாளை எடுத்தாலும் விற்கும் நிலையில் இருப்பது சராசரியாக ஒரு டாங்க். மெனுவில் ஆறு பெயர் அச்சடித்திருப்பீர்கள். "சார், இன்னிக்கு வீட் மட்டும்தான்" என்று பையன் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பான். இதில் யாராவது ஆசைப்பட்டு, குளிரில் மெதுவாகத் தேறும் லாகர் பீர் போட்டால், ஒரு டாங்க் ஐந்து வாரத்துக்குப் போய்விடும்.

இத்தோடு நின்றாலும் பரவாயில்லை. பற்றாக்குறை நேராக பீரின் ருசியில் கைவைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பப்பில் இது கண்ணெதிரே நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் எல்லா டேப்பும் வற்றிவிட்டது, வெள்ளி இரவு முழுக்க ரிசர்வேஷன். டாங்கில் இருந்த ஏல் வகை பீர் இன்னும் மூன்று நாள் கேட்டது. முதலாளி மேலே இருந்து இறங்கி வந்து, "கலர் நல்லாத்தானே இருக்கு, குளிரவெச்சு ஏத்துங்க" என்றார். ஏற்றினார்கள். சனிக்கிழமை மேசைகளிலிருந்து கிளாஸ் பாதியில் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு அம்மா மட்டும் வாயைத் திறந்து சொன்னார்: "தியேட்டர் பாப்கார்ன் வாசம் அடிக்குதே!"

அவர் மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது. அது டையசெட்டில். ஈஸ்ட் நொதிக்கும்போது வெளியே விடுகிற ஒரு பொருள் மெதுவாக டையசெட்டிலாக மாறும். கடைசி இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பாக விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப விழுங்கிவிடும். அதற்குள் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வெண்ணெய் வாசனை பின்னால் கெக்கிலோ (பீர்ப் பீப்பாய்) கிளாஸிலோ வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. டாங்கிலிருந்து இரண்டு சாம்பிள் எடுங்கள். ஒன்றை மூடி 60–65 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து எடுத்து, இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து மோந்து பாருங்கள். சூடாக்கினதில் வெண்ணெய் வாசம் வந்தால் டாங்கைத் தொடாதீர்கள். இந்தச் சோதனை பீர் காய்ச்சுகிற புரூவருக்குத் தெரியும். டாங்க் இல்லாத கடையில் அதைச் செய்து என்ன பயன்? முடிவைத்தான் ஏற்கெனவே மேலே எடுத்துவிட்டார்களே.

அதே பணத்தில் வேறு மாதிரி வாங்கலாம். 500 லிட்டர் புரூஹவுஸ், 1000 லிட்டர் ஃபெர்மென்டர்கள் (நொதிக்கவைக்கும் டாங்குகள்). காலையில் ஒரு புரூ, மதியம் ஒரு புரூ. முழு டாங்குக்கும் வேண்டிய ஈஸ்ட்டை முதல் சாற்றோடு சேர்த்துவிட்டு, இரண்டாவதை அதன் மேல் விடுங்கள். ஸ்டவுட் மாதிரி மெதுவாகப் போகிறவற்றுக்கு 500 லிட்டர் ஃபெர்மென்டர் ஒன்றிரண்டு போதும். பரிமாறும் டாங்குகளைக் குளிர்பதன அறைக்குள் வைத்தால் அவற்றுக்குக் குளிர்விக்கும் ஜாக்கெட் வேண்டாம், ஒற்றைச் சுவர் போதும், விலையும் குறைவு. அந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு அலாரம் மாட்டாமல் ஆளை உள்ளே அனுப்பாதீர்கள்.

"அப்புறம் சேத்துக்கலாம்" என்பது பெரும்பாலும் நடக்காது. முதல் நாளே டாங்குகளைக் குளிர்விக்கும் கிளைக்கால் சில்லர் மெஷினை நாலு டாங்குக்கு அளவெடுத்து வாங்கியிருப்பீர்கள், தளத்தில் வடிகாலும் நாலுக்குத்தான் இருக்கும், ஐந்தாவது டாங்க் நிற்க வேண்டிய இடத்தில் சோபா போட்டிருப்பார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அட்வான்ஸ் திரும்ப வராதாம். ஆர்டரையாவது மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

முடியாது. மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. ஒரு கோடிக்கு மெஷின் வாங்கி 18 லட்சம் வரி கட்டினால், அதுவும் உங்கள் முதலீடுதான்.

தண்ணீரை டாங்கர் லாரிக்காரரிடம் விட்டுவிடுவது

ஒரு லிட்டர் பீருக்குக் கழுவுவது உட்பட ஐந்தாறு லிட்டர் தண்ணீராவது போகும். சின்ன இடங்களில் இன்னும் கூடும், ஆர்ஓ கழிவு அதற்கு மேல். 2024 கோடையில் பெங்களூரில் குடிக்கவே தண்ணீர் இல்லாமல் தவித்ததை நினைவில் வைத்து இடம் பாருங்கள். டாங்கரில் இன்று வருவது ஒரு போர்வெல், நாளை வருவது இன்னொன்று. ரெசிபி மாறாது, பீர் மாறும். ஆர்ஓவில் விட்டு, ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து சேர்த்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர் கிடைக்கும். குளோரின் போட்ட தண்ணீரை அப்படியே எடுத்தால் பீரில் ஆஸ்பத்திரி வாசம் வரும்.

வாயுவை வெளியேற்றாமல் காஸ்டிக் ஓட்டுவது

காலியான டாங்கில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். டாங்கைக் கழுவ ஓட்டும் காஸ்டிக் சோடா அதை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே வெற்றிடமாகி எஃகு டாங்க் உள்பக்கமாகச் சப்பிப்போகும். வென்ட்டைத் திறங்கள், காற்று அடித்து வாயுவை வெளியே தள்ளுங்கள், பிறகு பம்பைத் தொடுங்கள்.

டி-ஷர்ட், லோகோ, கிளாஸ் டிசைன்

பீர் தேறிய பிறகு.

டிரை டே காலண்டர் இல்லாமல் புரூ திட்டம் போடுவது

மது விற்கக் கூடாத நாட்களில் காந்தி ஜெயந்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மறந்துபோகும்.

பாட்டிலில் போய்விட்டால் ஜெயித்துவிடலாம் என்ற கனவு

கர்நாடகத்தில் மைக்ரோபுரூவரி (புரூபப் மாதிரிச் சின்ன ஆலை) பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே விற்க வேண்டும். ஒரு கடை ஓடியதும், வேறொரு ஆலையில் காசு கொடுத்துத் தயாரித்து, பாட்டிலில் அடைத்து நாலு மாநிலம் போகலாம் என்று தோன்றும். அது வேறு தொழில். ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக லேபிள் பதிவு, தனித்தனி வரி, தனித்தனி அலுவலகம். பீரா 91 பீர் நிறுவனமான பி9 பெவரேஜஸ் தன் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரே சொல்லை எடுத்தது. அதற்காக எல்லா மாநிலங்களிலும் லேபிளை மறுபடி பதிய வேண்டி வந்து, மாதக்கணக்கில் விற்பனை முடங்கியது. சுமார் 80 கோடி ரூபாய்ச் சரக்கு வீணானதாகச் செய்தி வந்தது. அவர்களுக்கு முதலீட்டாளர்கள் இருந்தார்கள். உங்களுக்கு மாமனார்தான் இருப்பார்.

முதல் கடை வருஷம் முழுக்க, மழைக்காலம் உட்பட, ஒரே ருசியில் பீர் கொடுத்து லாபம் காட்டிய பிறகு இரண்டாவது இடம் தேடுங்கள். அதற்கும் தனி லைசென்ஸ், தனி கெட்டில், தனி டாங்குகள் வேண்டும். புரூவரும் இன்னொருவர் வேண்டும். இருக்கிற ஒருவரையே பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் இரண்டு கடைக்கும் ஓட விட்டால் ஆறு மாதத்தில் வேறு பப்பில் சேர்ந்துவிடுவார்.

சக்கை

1000 லிட்டர் புரூவுக்கு 200 கிலோ அளவில் மால்ட் போகும். பிழிந்த சக்கை ஈரத்தோடு அதைவிட அதிகம் எடை நிற்கும். சாயங்காலத்துக்குள் புளிக்கும், மறுநாள் ஈ மொய்க்கும், மூன்றாவது நாள் பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் கார்ப்பரேஷனுக்கு எழுதுவார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் சந்தோஷமாக எடுத்துப்போவார்கள். இரண்டு பேருடைய நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால் டெம்போ வராது.