ஆக்கி உடும்பு வளர்ப்பு: முதலில் மண், பிறகுதான் உடும்பு

வீட்டுக்குள் வளர்க்கத் தோதான சிறிய உடும்பு எது என்று கேட்டால், தயங்காமல் ஆக்கி என்றுதான் சொல்வேன். அறிவியல் பெயர் வாரனஸ் அக்காந்தூரஸ். வடக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாறை நிலங்களில் வாழ்வது. மூக்கிலிருந்து வால் நுனி வரை 60 முதல் 70 செ.மீ. வளரும். அதில் பாதிக்கு மேல் முள் முள்ளாக வளையங்கள் அடுக்கிய வால். சரியாக வளர்த்தால் 15 ஆண்டுகள் வரை உங்களோடு இருக்கும்.

வளர்ப்பில் இது சீக்கிரம் செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் வறட்சி. 'பாலைவனப் பிராணிதானே, காய்ந்த மணல் போதும்' என்ற நினைப்பு உடும்பைக் கொன்றுவிடும். அதன் சொந்த மண்ணில் மேற்பரப்பு கொதித்தாலும் பாறைக்கடியில் அது தோண்டிய வளைக்குள் ஈரம் இருக்கும். நாளின் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கும். அந்த வளை இல்லாத கூண்டில் உடம்பு மெல்ல மெல்ல வற்றி, சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். வெளியே தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எதை வாங்குவது

உள்ளங்கையில் அடங்கும் குட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைகளில் அதிகம் கிடைக்கும் சவானா உடும்பின் குட்டியும் அதே அளவில்தான் இருக்கும். ஆனால் வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தொடும். நைல் உடும்பு அதையும் தாண்டும். இனத்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்யாமல் கையில் வாங்காதீர்கள். ஆக்கியைவிடச் சிறியது வேண்டுமென்றால் கில்லன் உடும்பு உண்டு. ஆனால் அது மரமேறி, மறைந்தே வாழும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு ஆக்கிதான் நல்லது.

சட்டம் முக்கியம். உடும்பினம் முழுவதுமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் காடுகரைகளில் திரியும் உடும்பு முதல் பட்டியலில் உள்ளது, அதைப் பிடிப்பதோ வளர்ப்பதோ கூடவே கூடாது. ஆக்கி இரண்டாம் பட்டியல். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூண்டில் பிறந்த குட்டியை, அதற்கான ஆவணத்தோடு மட்டும் வாங்குங்கள்.

கூண்டு

ஒரு பெரிய ஆக்கிக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். உயரம் 90 செ.மீ. இருந்தால்தான் ஆழமாக மண் போட்ட பிறகும் மேலே இடம் மிஞ்சும். மேல்புறம் வலை போட்ட கண்ணாடித் தொட்டி வேண்டாம். பல்பின் சூடு மேலே ஏற ஏற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மூடிய ப்ளைவுட் கூண்டு, முன்பக்கம் நகரும் கண்ணாடி, பக்கவாட்டில் கையளவு காற்றுத்துளை இரண்டு போதும். உள்பக்கம் நீர் புகாத பூச்சு இரண்டு மூன்று முறை அடித்து, வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். மூலைகளில் சிலிக்கோன் பசை பூசாவிட்டால் சில மாதங்களில் அடிப்பலகை ஊறிப் பிளக்கும்.

மண்: இங்கே அவசரப்படாதீர்கள்

உரம், பூச்சிமருந்து கலக்காத தோட்ட மண் மூன்று பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு. தண்ணீர் தெளித்துக் கலந்து ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்த உருண்டையில் கட்டைவிரலால் ஒரு துளை போடுங்கள். துளை இடியாமல் நின்றால் அந்த மண்ணில் வளை நிற்கும். உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஆழம் குறைந்தது 30 செ.மீ. இங்கேதான் பலர் கணக்கை விட்டுவிடுகிறார்கள். 120க்கு 60 கூண்டில் 30 செ.மீ. ஆழம் என்றால் 216 லிட்டர் மண். ஈரத்தோடு 300 கிலோவைத் தாண்டும். சாதாரண மேசை தாங்காது. கூண்டைத் தரையிலோ இரும்புச் சட்டத்திலோ வைத்து, இடத்திலேயே மண்ணை நிரப்புங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது.

மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் கையால் இறுக்குங்கள். பிறகு வாரம் ஒருமுறை மூலையில் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அடிவரை இறங்கும். மேற்பரப்பு காய்ந்திருக்கலாம், ஒரு சாண் கீழே விரலை விட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். தெளிப்பானால் மேலே மட்டும் நனைத்துவிட்டுப் போவதில் பயன் இல்லை.

சூடு

வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணைக் கேட்டதும் பலர் பயந்து 40இல் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உடும்பு மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும், தின்றது செரிக்காது. சரியான சூட்டில் சிறிது நேரம் கிடந்து, போதுமானதும் தானே எழுந்து போய்விடும். கூண்டின் மறுமுனையில் காற்று 24 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால்தான் அது போவதற்கு இடம் இருக்கும்.

ஒற்றைக் குவியொளிப் பல்பு வாங்காதீர்கள். அது முதுகில் காசளவு இடத்தை மட்டும் சுடும். உடம்பின் மற்ற பகுதி சூடேறாததால் உடும்பு எழாது, அந்த இடம் மட்டும் வெந்துபோகும். விரிந்து பரவும் ஹாலஜன் ஃப்ளட் பல்பு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிக்கூடு கட்டாயம், ஏனென்றால் ஆக்கி தாவும். சூடேறும் செயற்கைப் பாறையைத் தொடவே வேண்டாம்.

பல்புக்குக் கீழே ப்ளைவுட் துண்டுகளை 3 செ.மீ. இடைவெளி விட்டு நான்கைந்து அடுக்காக அடுக்குங்கள். மேல்தட்டு கொதிக்கும், கீழ்த்தட்டு மிதமாக இருக்கும். வெளியே வராமலே தனக்கு வேண்டிய சூட்டை உடும்பு தேர்ந்தெடுக்கும். அடுக்குகளை ஒன்றோடொன்று திருகாணி போட்டு இறுக்கி, கூண்டின் அடித்தளத்திலேயே நிறுத்துங்கள். மண்மேல் வைத்தால் கீழே தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும்.

மேற்பரப்புச் சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். கூண்டில் ஒட்டும் முள் வெப்பமானி உதவாது. சூட்டைக் கூட்டிக் குறைக்க டிம்மர் போதும். ஆன் - ஆஃப் தெர்மோஸ்டாட் மாட்டினால் பல்பு விட்டுவிட்டு எரிந்து சீக்கிரம் போய்விடும்.

கூடவே புறஊதா பி ஒளிக்கு டி5 எனும் மெல்லிய குழல்விளக்கு, '12%' என்று குறித்த வகை. பகலில் 12 மணி நேரம். வெளிச்சம் இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், புறஊதா அதற்கு முன்பே குறைந்திருக்கும்.

இவ்வளவையும் இரண்டு வாரம் காலியாக ஓடவிட்டு, எண்கள் நிலையாக நின்ற பிறகு குட்டியைத் தேடுங்கள்.

குட்டியைப் பார்க்கும்போது

உங்கள் கண்முன்னே தின்ன வேண்டும். கண் உள்வாங்கி இருக்கக் கூடாது, வாலின் அடிப்பகுதி உருண்டிருக்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: உரிந்த தோல் மோதிரம் போல் இறுக்கியிருந்தால் விரல் போய்விடும். பல்லி போல் உடும்புக்கு வால் திரும்ப முளைக்காது. அதனால் வால் நுனியையும் கவனியுங்கள். செதில் இடுக்கில் உண்ணி இருந்தால் காட்டில் பிடித்தது என்று சந்தேகிக்கலாம்.

தீனி

கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், வெட்டுக்கிளி. உடும்பின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டாத அளவு. குட்டிக்குத் தினமும், பெரியதற்கு வாரம் மூன்று நான்கு முறை. பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே காய்கறி கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். சுண்டெலி எப்போதாவது மட்டும், கொழுத்துவிடும். தண்ணீர்த் தட்டு எப்போதும் இருக்கட்டும்.

முதல் மாதம் தூக்க வேண்டாம். மூங்கில் இடுக்கியால் தீனியை நீட்டுங்கள், அதுவே அருகில் வரும். பலகையைப் பற்றியிருக்கும்போது இழுக்காதீர்கள். உடும்புப்பிடி என்று சும்மா சொல்லவில்லை, நகம்தான் பிய்யும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

பின்சேர்க்கை: ஒற்றைப் பெண் உடும்பு

'ஆண் இல்லையே, முட்டை எங்கிருந்து வரும்?' என்பது பலருடைய கேள்வி. ஆண் இல்லாமலும் பெண் உடும்பு கருவற்ற முட்டை இடும். வயிறு பெருத்து, அங்கங்கே தோண்டிப் பார்த்துவிட்டு, இடம் பிடிக்காமல் மேலே வந்துவிடுகிறது என்றால் மண் ஆழமோ ஈரமோ சூடோ போதவில்லை. மண்ணுக்குள் 28 முதல் 30 டிகிரி இருக்கும் ஓர் இடம் வேண்டும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது தோண்டுவதை நிறுத்தி, தீனியும் எடுக்காமல் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.