பரணில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் பெட்டி: அளப்பது, ஃபோம் மாற்றுவது, ஆம்ப்ளிஃபையர் பொருத்துவது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பல வீட்டுப் பரணில் ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர் தூசி படிந்து கிடக்கும். 1980களிலோ 90களிலோ டேப் டெக்கோடு சேர்த்து வாங்கியதாக இருக்கும். அதைக் கீழே இறக்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, "500 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி மாட்டுவது. பாட்டு கரகரக்கும். "பெட்டி போயிடுச்சு" என்று காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் போனது பெட்டி இல்லை. முன்னால் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையமும் இரண்டொரு கண்டென்சரும்தான். அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் ஸ்பீக்கரை அளந்து பழுது பார்ப்போம். அது என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபையருக்குக் காசு.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, 25 முதல் 35 வாட் வரையிலான சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூடிரைவர், சின்ன பிரஷ், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன்.

பெட்டியைத் திறக்கும் முன்

மீட்டரை ஓம் பக்கம் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ், வரும் அளவில் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது பெட்டியின் பின்னால் சிவப்பு, கறுப்பு டெர்மினலில் வையுங்கள். 5.5 முதல் 7 வரை காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3 முதல் 3.8 வரை என்றால் 4 ஓம். மீட்டர் காட்டும் எண் எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுதியிருப்பது இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது இருக்கும் தடை. மீட்டர் பார்ப்பது கோனை ஆட்டும் கம்பிச் சுருளான காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ். இரண்டும் ஒன்றாக இருக்காது. மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கலாம், உள்ளே வயர் விட்டிருக்கலாம்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இப்படிப் பின்னாலிருந்து அளந்தால் பாஸ் கொடுக்கும் பெரிய வூஃபர் மட்டும்தான் தெரியும். கீச்சொலி கொடுக்கும் சின்ன ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், மீட்டர் அனுப்பும் டிசியை மறித்துவிடும். அதனால் ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் "நல்லா இருக்கு" என்றே சொல்லும். ட்வீட்டரைக் கழற்றி, அதன் காலில் நேராக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வூஃபர் கோனின் நடுவில் உள்ள குமிழைச் சுற்றி விரல்களைப் பரப்பி வைத்து, நேராக உள்ளே மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது. "சர்ர்" என்று உரசினால் காயில் கோணியிருக்கிறது, அல்லது கருகி உப்பியிருக்கிறது. உப்பிய காயிலை வீட்டில் சரிசெய்ய முடியாது. ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

பிறகு வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். துணியோ ரப்பரோ என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். ஃபோம் என்றால் பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது பழைய ரஸ்க் மாதிரி உதிரும். பாலியூரித்தேன் ஃபோமின் ஆயுள் பொதுவாக 15, 20 வருடம்தான். காற்றின் ஈரமும் சூடும் அதை அரிக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலூரில், மொட்டை மாடி கான்கிரீட்டுக்கு நேர் கீழே உள்ள பரணில் கிடந்தால் ஃபோம் எப்படித் தாங்கும்?

ஃபோம் மாற்றுவது

எல்லாவற்றையும்விட நேரம் எடுக்கும் வேலை இது. பலனும் இதில்தான் அதிகம்.

வூஃபரைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மேக்னட் சட்டென்று இழுக்கும், கோனில் ஓட்டை விழும். வயரைப் பிரிப்பதற்கு முன் எது பிளஸ் என்று மார்க்கர் போடுங்கள், போட்டோவும் எடுங்கள்.

"8 இன்ச் ஃபோம் குடுங்க" என்று கடையில் கேட்டால் போதாது. நான்கு அளவு வேண்டும், மில்லிமீட்டரில்: கோனின் வெளி விட்டம், ஃபோம் மேடாக எழும்பும் பகுதியின் உள், வெளி விட்டம், ஃபிரேமில் ஃபோம் உட்காரும் இடத்தின் விட்டம். 8 இன்ச் என்ற பெயரில் பல அளவுகள் வரும். 3 மில்லிமீட்டர் தவறினாலும் உட்காராது. பழைய ஃபோம் கோனின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததா, அடிப்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு கிட்டத்தில்தான். அளவெடுத்த தாளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே வயதுள்ள ஃபோம் இருந்தால்தான் இரண்டு பக்கமும் பாஸ் ஒரே மாதிரி வரும்.

நம் வெயிலுக்கு ரப்பர் வளையம் போடலாமே என்று பலர் கேட்பார்கள். நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் ரப்பர் கனம். கோனின் அசைவு மாறும், சத்தமும் கொஞ்சம் குறையலாம். கம்பெனி ஃபோம் போட்ட இடத்தில் ஃபோமே போடுவது நல்லது.

பழைய பிசுக்கை எடுக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் வழியுங்கள். பேப்பர் கோன் நனைந்து தொய்யும் அளவுக்கு ஊற்றக் கூடாது. தின்னர் வேண்டவே வேண்டாம், அது கோனுக்கும் காயிலுக்கும் இடையிலுள்ள பசையையும் கரைத்துவிடும்.

அடுத்து பசை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஒட்டும் ரப்பர் பசை எளிதாகக் கிடைக்கும், கையும் அதற்குத்தான் போகும். இங்கே அது ஆகாது. தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் பசை அது. நமக்கு வளையத்தை நகர்த்திச் சரிசெய்யப் பத்து நிமிடமாவது வேண்டும். அதிலுள்ள கரைப்பான் ஃபோமையும் உப்பவைக்கலாம். பேப்பர் கோனுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக் கோனில் வெள்ளைப் பசை நிற்காது, ஃபோம் கிட்டோடு வரும் பசையையே பயன்படுத்துங்கள்.

ஃபோமின் உள்விளிம்பை முதலில் கோனோடு ஒட்டி, சுற்றிலும் விரலால் அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மறுநாள்தான் வெளிவிளிம்பு. ஃபிரேமில் மெல்லிய படலமாகப் பசை தடவி வளையத்தை உட்காரவைத்த பிறகு, காயிலை நடுமையத்துக்குக் கொண்டுவர வேண்டும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, 30 ஹெர்ட்ஸ் வைத்து, சின்ன ஆம்ப்ளிஃபையர் ஏதாவது ஒன்றின் வழியாகக் கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசையும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். காயில் உரசினால் அடித்தொண்டையில் "ட்ர்ர்" என்று ஒரு அதிர்வு கேட்கும். வளையத்தை ஒரு பக்கமாக ஒரு மயிரிழை நகர்த்துங்கள். அதிர்வு கூடினால் எதிர்ப்பக்கம். சரியான இடம் வந்ததும் கோன் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், காதில் மட்டும் அந்த அதிர்வு விழாது. அந்த இடத்தில் நிறுத்திச் சுற்றிலும் துணி கிளிப்பை மாட்டிவிடுங்கள். அணைத்துவிட்டு விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இதற்கும் ஒரு நாள் காய வேண்டும். அவசரப்பட்டு அன்று மாலையே பாட்டுப் போட்டால் கோன் ஒரு பக்கம் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

கிராஸ்ஓவர் கண்டென்சர்

பாட்டை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுப்பது கிராஸ்ஓவர். அதற்காகப் பெட்டிக்குள் சின்ன போர்டிலோ, ட்வீட்டர் காலிலேயோ ஒரு கண்டென்சர் இருக்கும். பழையவை பெரும்பாலும் நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக். உள்ளே உள்ள திரவம் காய்ந்து மதிப்பு மாறியிருக்கும். ட்வீட்டர் மந்தமாகக் கேட்க முக்கியக் காரணம் இதுதான். அதே மதிப்பில் பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் கண்டென்சர், 100 வோல்ட் அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். 4.7 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) இருந்த இடத்தில் 4.7 மட்டுமே. 8 ஓம் ட்வீட்டரோடு 4.7 எம்எஃப்டி சேர்ந்தால் பிரிவு ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸில் விழும். 3.3 போட்டால் 6000க்குப் போய்விடும், நடுவில் குரல் மெலியும். "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மதிப்பு கூடினால் ட்வீட்டர் தாங்க முடியாத கீழ்ச்சுருதியெல்லாம் அதற்குள் போகும். பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கையும் இங்கே போடக் கூடாது. வூஃபர் பக்கம் 20, 30 எம்எஃப்டி பெரிய கண்டென்சர் இருந்தால் அதற்குப் புதிய நான்-போலாரே போதும். கிராஸ்ஓவர் போர்டில் உள்ள கம்பிச் சுருளைத் தொட வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு பென்சில் பேட்டரியின் பிளஸை சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் வூஃபர் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியே, மற்றது உள்ளே என்றால் ஒன்றில் வயர் மாறியிருக்கிறது. அப்படியே கேட்டால் பாஸ் காணாமல் போகும், பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

இப்போது ஆம்ப்ளிஃபையர்

எத்தனை வாட் வேண்டும்? பழைய 8 இன்ச் பெட்டிகள் பல, 1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் அளவில் இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து இரண்டு பெட்டியிலும் கேட்டால் 83 போல வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வாட் கொடுத்தால் 93. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார். 20 வாட்டுக்கு 96 மட்டுமே, 40க்கு 99. வாட் இரட்டிக்கும்போதெல்லாம் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 10க்கு 14 அடி ஹாலுக்கு நிஜமான 20 முதல் 40 வாட் தாராளம்.

"நிஜமான" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லோக்கலில் அசெம்பிள் செய்த பெட்டியைத் திறந்து ட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12 என்றிருந்தால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் பிளஸ், மைனஸ் 16 வோல்ட் வரும். அவுட்புட் அதில் 13, 14 வோல்ட் வரைதான் ஆட முடியும். 14ஐ 14ஆல் பெருக்கி 16ஆல் (8 ஓமின் இரட்டிப்பு) வகுத்தால் 12 வாட். ஸ்டிக்கரில் எத்தனை சைபர் போட்டிருந்தாலும் ஒரு சேனலுக்கு அவ்வளவுதான். 18-0-18 என்றால் 25, 30 வாட் எதிர்பார்க்கலாம். வாங்கும்போது வாட் கேட்காதீர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் என்ன வோல்ட் என்று கேளுங்கள்.

செலவு குறைவாக வேண்டுமென்றால் டிபிஏ3116 ஐசி போட்ட கிளாஸ் டி போர்டு. 24 வோல்ட், 4 அல்லது 5 ஆம்ப் அடாப்டரில் 8 ஓமுக்கு 30 வாட் போல வரும். வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரில் 20 வாட். சூடும் குறைவு, நம் ஊருக்குத் தோது. ஆனால் இதில் வலது, இடது இரண்டு மைனஸ் டெர்மினலையும் ஒன்றாகச் சேர்க்கவோ, எர்த்தில் தொடவோ கூடாது. சேர்த்தால் போர்டு போய்விடும். பழைய வயரிங்கில் கறுப்பு இரண்டையும் ஒரே வயரில் முறுக்கியிருப்பார்கள், கவனமாகப் பிரியுங்கள்.

4 ஓம் ஸ்பீக்கர் என்றால் "மினிமம் 6 ஓம்" என்று போட்ட ஆம்ப்ளிஃபையரை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் ஓடும், சித்திரை வெயிலில் அணைந்து அணைந்து வரும். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழு வால்யூமில் திருகுவதும் ஆபத்து. அலையின் தலை தட்டுப்பட்டு, அந்தக் கரகரப்பின் சக்தி கணிசமாக ட்வீட்டர் மேல் விழும்.

பழைய வெள்ளி முகப்பு ஆம்ப்ளிஃபையர் கிடைத்தால் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பின் வழியாகவே கரன்ட் போகும்படி கட்டிய சீரிஸ் போர்டில் முதல் முறை ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி பிரகாசித்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வால்யூமைத் திருப்பும்போது கொறகொறத்தால் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.

எந்த ஆம்ப்ளிஃபையராக இருந்தாலும் ஸ்பீக்கரை மாட்டும் முன், வால்யூமை சைபரில் வைத்து, அவுட்புட் டெர்மினலில் டிசி வோல்ட் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். 100ஐத் தாண்டினால் சரிபார்க்காமல் மாட்டாதீர்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் கஷ்டப்பட்டு ஒட்டிய வூஃபர் சில நொடியில் கருகும்.

வயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் வரை போதும். ஆம்ப்ளிஃபையர் மேலே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மேலே லேஸ் துணி விரித்துப் பூச்சாடி வைக்காதீர்கள்.

பெட்டிகளுக்கு இடையே 2 மீட்டர், பின்சுவரிலிருந்து ஒரு முழம், ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள ஹாலில் ஒலி கணகணக்கும். தரையில் ஜமக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ம்ம்ம்" என்று ட்ரான்ஸ்ஃபார்மர் இரைந்தால் அது சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டரின் வேலை, ஆம்ப்ளிஃபையரைக் கழற்ற வேண்டாம். பாஸ் வரும்போது எங்கோ கடகடவென்று கேட்டால் ஸ்பீக்கரைத் திறப்பதற்கு முன் இரும்பு பீரோ கதவைக் கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.