வசனம் பேசாதவரைப் பாருங்கள்

நாடக இயக்குநரின் தரத்தை எடைபோட வேண்டுமா? ஒரு பத்து நிமிடம், வசனம் பேசுபவரை விட்டுவிட்டு மேடையில் சும்மா நிற்பவரைக் கவனியுங்கள். பேசுபவருக்கு வசனமும் குரலும் கைகொடுக்கும். நல்ல நடிகர் மோசமான இயக்கத்திலும் ஒப்பேற்றிவிடுவார். வாய் திறக்காதவர் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லுக்குத் திரும்புகிறார் என்பதோ ஒத்திகையில் இயக்குநர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய வேலை. ராஜா முழங்கிக்கொண்டிருக்கும்போது காவலாளி முன்வரிசையில் தன் சொந்தக்காரரைத் தேடினால், அந்த வேலை நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். சபா நாடகங்களில் எல்லாரும் மைக்குக்கு நேராக வரிசைகட்டி நிற்பதும் அதே ரகம்தான். இப்படிக் கவனிக்கப் பின்வரிசை டிக்கெட்டே வசதி: முழு மேடையும் ஒரே பார்வையில் விழும், காசும் மிச்சம்.

தனிநடிப்புக்கு இந்த அளவுகோல் உதவாது. தெருக்கூத்துக்கும் பொருந்தாது, பின்பாட்டுக்காரர்கள் நம் கண்முன்னே நிற்பதும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவதும் அங்கே மரபு. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் பாணி நாடகங்களில் நடிகர்கள் வேண்டுமென்றே பாத்திரத்தைவிட்டு விலகி நிற்பதுண்டு. அதைக் கவனக்குறைவு என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.